கறி ஒழிக்கட்டே?

எங்கள் ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கம்பம் தாண்டி இருக்கிற கூடலூர். லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் குமுளி. வளைவுக்கு வளைவு திணறி ஏறிய பேருந்து ஓய்ந்து நிற்கிற இடத்தில் தமிழ்நாடு முடிந்துவிடும். அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் கடைப் பலகைகளில் எழுத்து மாறும். விலை சொல்கிற ராகமும் மாறும்.

என் அப்பத்தா வெகுகாலம் ஏலக்காட்டு வேலைக்குப் போனவள். விடிவதற்கு முன்பே தோட்டத்து ஜீப் தெருமுனையில் வந்து நிற்கும். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, கையில் தூக்குச்சட்டி. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்றும் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்கள். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் என்னையும் மடியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவாள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஜீப் ஒரு வளைவில் குலுங்கியதில் தூக்குச்சட்டி கவிழ்ந்து, புளிச்சோறு முழுக்க யார் யார் காலடியிலோ போய்விட்டது. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். தோட்டத்தை ஒட்டி ஒரு மலையாளி வீடு. அந்த வீட்டுச் சேச்சி பார்த்துவிட்டு எங்களைத் திண்ணைக்குக் கூப்பிட்டார். வாழையிலை போட்டு, கொட்டை கொட்டையாகக் குத்தரிசிச் சோறு வைத்தார். மண்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அப்பத்தாவிடம் கேட்டார்:

"கறி ஒழிக்கட்டே?"

அப்பத்தா இலையின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டாள்.

"வேணாம் தாயி. இன்னைக்குக் கறி ஆகாது."

சேச்சியின் முகம் சுண்டிப்போனது. தன் வீட்டில் சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். சட்டியை இடுப்போடு அணைத்தபடி நின்றார். நான் எக்கிப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சேளென்று மோரில் வெந்த வெள்ளரிக்காய், மேலே கடுகும் கறிவேப்பிலையும் மிதந்தன. "அப்பத்தா, மோர்க்குழம்பு" என்றேன். அப்பத்தா சட்டிக்குள் பார்த்தாள், சேச்சியைப் பார்த்தாள், கையை எடுத்தாள். அன்றைக்கு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்பத்தா பயந்ததற்கு ஒரு சொல் காரணம் இல்லை, இரண்டு சொல். மலையாளத்தில் 'ஒழிக்க' என்றால் ஊற்ற. நமக்கு அது சுவரில் எழுதுகிற 'ஒழிக'. 'கறி' என்றால் அவர்களுக்குச் சோற்றோடு சேரும் எல்லாமும்தான். வெள்ளரிக்காயும் கறி, பயறும் கறி, மீனும் கறி. ஊற்றிக்கொள்வதற்கு 'ஒழிச்சுகறி' என்று தனிப்பெயரே உண்டு. எங்கள் ஊரில் கறி என்றால் ஆடு. கோழி என்றால்கூட 'கோழிக்கறி' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கறிக்கடை, கறிவிருந்து, கறிச்சோறு எல்லாவற்றிலும் ஆடுதான் நிற்கிறது.

அப்புறம் மூன்று நான்கு வருடம் கழித்து அந்தச் சொல் மறுபடி என் காலைத் தட்டியது. என் மாமா குமுளியில் தேய்ப்பு வண்டி வைத்திருந்தார். விறகடுப்பு எரிகிற ஒரு சாயாக்கடையில் மிஞ்சுகிற கரியை வாங்கித்தான் இஸ்திரிப் பெட்டியில் போடுவார். ஒரு நாள் என்னை அனுப்பினார். நான் போய், "சேட்டா, ஒரு சாக்குக் கறி வேணும்" என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்து, "கறியோ, கரியோ?" என்றார்.

எனக்கு அவர் ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னது போல இருந்தது. எங்கள் பேச்சில் ரகரமும் றகரமும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. எழுதும்போது பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி நினைவு வைத்துக்கொள்வோம். நாக்குக்கு அது தெரியாது. அவர் கரி படிந்த விரலால் அடுப்பைக் காட்டி, நாக்கு நுனியை முன்னால் மெல்லத் தொட்டு "கரி" என்றார். பிறகு குழம்புப் பாத்திரத்தைக் காட்டி, நாக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்து அழுத்தி அதிரவிட்டு "கறி" என்றார். என்னையும் சொல்லச் சொன்னார். நான் பத்து முறை சொல்லியிருப்பேன். தமிழின் றகரத்தை என் வாய்க்குள் வைத்தவர் தமிழே எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்தான்.

பின்னாளில் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தபோது அந்தச் சாயாக்கடை அப்படியே கண்முன் வந்தது. றகரத்துக்கு "அணரி நுனிநா அண்ணம் ஒற்ற" என்கிறார். ரகரத்துக்கு "நுனிநா அணரி அண்ணம் வருட" என்கிறார். ஒன்று ஒற்றுவது, ஒன்று வருடுவது. குமுளிக் கடைக்காரர் எனக்குக் காட்டிய வேறுபாடும் அதுதான். நாம் ஏட்டில் காப்பாற்றி வைத்திருப்பதை மலைக்கு அந்தப்பக்கம் வாயில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது.

சரி, வருடுகிற கரியை முதலில் பார்த்துவிடலாம். அடுப்புக்கரி நம் சொந்தச் சொல். கரு, கருமை, கரிசல் என்று அதன் உறவுக்காரர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. கன்னடத்தில் 'கரி' என்றால் கறுப்பு. யானைக்குக் கரி என்பது வேறு வீட்டுப் பிள்ளை. சமஸ்கிருதத்தில் 'கர' என்றால் கை. கையுடையது, அதாவது துதிக்கையுடையது, 'கரின்'. அதுதான் நமக்குக் கரி ஆயிற்று. யானை கறுப்பாகவும் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நம்பத் தோன்றும். இரண்டும் வேறு. மூன்றாவதாக, சாட்சிக்கும் கரி என்று பெயர். "இந்திரனே சாலுங் கரி" என்று 25ஆம் குறள் முடிகிறது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது இந்திரனுக்கும் யானைக்கும் தொடர்பு உண்டல்லவா, அதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்து புலனையும் அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே போதுமான சாட்சி என்பது பொருள்.

ஒற்றுகிற கறிதான் என்னை வெகுகாலம் விடாமல் பிடித்துக்கொண்டது.

அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர்களின் கப்பல் சேர நாட்டு முசிறிக்கு வருகிறது. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று ஒரு வரி. பொன்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கறியை ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்களாம். முதல் தடவை படித்தபோது எனக்குக் குழப்பம். கடல் தாண்டி ஆட்டுக்கறியா கொண்டுபோனார்கள்? அடுத்த வரியில் இருந்த உரையைப் பார்த்தேன்: கறி என்றால் மிளகு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்து கிடப்பவற்றில் "காலின் வந்த கருங்கறி மூடையும்" ஒன்று. குதிரை நீர்வழியாக வந்தது, மிளகு மூட்டை நிலவழியாக வந்தது. மேற்கு மலையில் விளைகிற மிளகு கிழக்குக் கடற்கரைக்கு நிலவழியாக வருவதென்றால் ஏதாவது ஒரு கணவாயைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும்? எங்கள் ஊரிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை அந்த மலைத்தொடரில் ஒரு துண்டு.

பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் கிட்டப்போய்க் காட்டுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். முதுகில் சுமைத்தழும்பு ஏறிய கழுதைகள், இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் பலாப்பழம் போன்ற மிளகுப் பொதிகள், சுங்கம் வாங்குகிற பெருவழி. "உல்குடைப் பெருவழி" என்கிறார்; உல்கு என்றால் சுங்கம். குமுளிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுதைகள் நினைவு வரும். அந்த இடத்தில் அவர் மிளகை 'மிரியல்' என்கிறார். அதே பாட்டில் வேறொரு இடத்தில், சமையல் நடக்கும்போது, கறி என்கிறார். மாதுளம் பிஞ்சைப் பிளந்து, பசு வெண்ணெயில் வேகவைத்து, "கறி கலந்து, கஞ்சக நறுமுறி அளைஇ" ஒரு பதார்த்தம். கஞ்சகம் என்பது கறிவேப்பிலை. வெண்ணெய், காய், மிளகுப்பொடி, கறிவேப்பிலை. ஏறத்தாழ இன்றைக்கும் அடுப்பில் வைக்கக்கூடிய ஒன்று.

எனக்குத் தோன்றுவது இதுதான்: சந்தைக்குப் போகும்போது மிரியல், வாயில் காரும்போது கறி. 'கறித்தல்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பல்லால் கடித்துத் தின்பது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி கறி என்ற தலைப்பின்கீழ் கடித்துத் தின்பதையும் மரக்கறியையும் இறைச்சியையும் மிளகையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஏட்டில் படித்தபோது அது வெறும் பட்டியல். எனக்கு அது உறைத்தது மிளகுக் களத்தில்.

ஏலக்காய் ஓய்ந்ததும் தை, மாசியில் மிளகுப் பறிப்புக்குப் போவாள் அப்பத்தா. முள்முருங்கை மரத்தைச் சுற்றி ஏறிய கொடியில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஆண்கள் ஏறுவார்கள். சரம் சரமாகப் பச்சை மணிகள். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி பழுத்துச் சிவந்தால் அதுதான் பறிக்கிற பக்குவம். கீழே பாயில் கொட்டிக் காலால் மிதித்து உருட்டுவார்கள். மணி தனியாகவும் காம்பு தனியாகவும் பிரியும். பாதம் முழுக்க எரியும். வெயில் நன்றாக அடித்தால் மூன்று நான்கு நாளில் பச்சை மாறி, பழுப்பாகி, சுருங்கிக் கறுத்துவிடும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் முப்பத்துச் சொச்சம்தான் தேறும்.

காய்ந்ததா என்று பார்க்கச் சேச்சி அப்பத்தாவைத்தான் கூப்பிடுவார். அப்பத்தா குனிந்து ஒரே ஒரு மணியை எடுத்து, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பாள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். மழுங்கலாக நசுங்கினால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மிளகுக்கும் கறிப்பதற்கும் என்ன உறவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் மிளகாய் இங்கே கிடையாது. 1498இல் வாஸ்கோடகாமா வந்து இறங்கிய பிறகு, போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. அதுவரை நம் அடுப்புக்குக் காரம் என்றால் முதலில் மிளகுதான். ஆகவே கறி போட்டுச் சமைத்த காய் கறி ஆகியிருக்கிறது, கறி போட்டுச் சமைத்த இறைச்சியும் கறி ஆகியிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போது இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இளையான்குடி மாறனார் நள்ளிரவு மழையில் வந்த அடியாருக்காகக் கொல்லைக் குழியில் முளைத்த கீரையைப் பறித்து வருகிறார், அவர் மனைவியார் அதைக் கறியாக்குகிறார். சிறுத்தொண்டர் வீட்டில் நடப்பது பிள்ளைக்கறி. கீரைக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்.

அந்தச் சொல்லைப் பிறகு ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். அக்ரகாரத்து வீடுகளில் வாழைக்காய்க் கறி என்றால் வதக்கிய வாழைக்காய். ஐயங்கார் வீடுகளில் கறியமுது சுருங்கிக் 'கறமது' ஆகியிருக்கிறது. இலங்கைத் தமிழர் காயை மரக்கறி என்கிறார்கள். நாங்கள் ஆட்டை எடுத்துக்கொண்டோம். மலையாளிகள் முழுச் சட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். இதில் யாரும் தப்பாகப் பேசவில்லை. "மலையாளத்தான் மோர்க்குழம்பைக் கறிங்கிறான்" என்று எங்கள் ஊரில் சிரிப்பார்கள். அங்கே, "பாண்டிக்காரனுக்குக் கறி என்றால் இறைச்சி மட்டும்தான்" என்று சிரிப்பார்கள். இரண்டு சிரிப்பும் எனக்குப் பிடிப்பதில்லை. பொதுச்சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி, ஒருவன் பங்கைப் பார்த்து ஒருவன் சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

ஒருவரும் எடுத்துக்கொள்ளாமல் விட்டது மிளகை. அந்தப் பெயருக்கு முதல் உரிமை அதற்குத்தான், ஆனால் இன்றைக்குக் கடையில் போய்க் கறி கேட்டால் யாரும் மிளகு தர மாட்டார்கள். மிளகு என்ற பெயராவது அதனிடம் பத்திரமாக இருக்கிறதா என்றால், அதிலும் மிளகாய் வந்து பங்கு கேட்டது. இந்தப்பக்கம் 'மிளகு' போலக் காரமான காய் என்று மிளகாய் ஆனது, அவ்வளவுதான். அந்தப்பக்கம் 'முளகு' என்றாலே மிளகாய்தான். அசல் மிளகு 'குருமுளகு' என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. குரு என்றால் அங்கே விதை. நாகர்கோவில் பக்கம் நல்லமிளகு என்பார்கள். வந்தேறிய காய்க்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, 'நான்தான் நல்ல மிளகு' என்று அது சொல்லிக்கொள்வது போல எனக்குக் கேட்கும்.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இது பெரிய வழக்கு. என் அம்மா மளிகைச் சீட்டில் 'கருவேப்பிலை' என்று எழுதுவாள். நான் திருத்துவேன். அவள் விடமாட்டாள்: "இலையைப் பாரு, வேம்பை விடக் கறுப்பாத்தானே இருக்கு?" பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுகிற அத்தை அம்மாவுக்குச் சாட்சி, அவர்கள் சொல்வது 'கரிபேவு', கறுப்பு வேம்பு. சேச்சி எனக்குச் சாட்சி. 'கறிவேப்பில', அழுத்தமான றகரம், கறிக்குப் போடுகிற வேப்பிலை. தெலுங்கு பேசுகிற வீடுகளும் எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்குக் காய் சமைத்தால் 'கூர', அதில் கறியே கிடையாது. ஆனால் இலை மட்டும் 'கரிவேப்பாக்கு'. மலையாளம் றகரத்தை விடாமல் வைத்திருப்பதால் நான் சேச்சியின் பக்கம்தான். ஆனாலும் அம்மா சொல்வதைப் பிழை என்று இப்போது திருத்துவதில்லை. ஒரு சொல்லின் ஒலி மங்கிவிட்ட பிறகு, அதைப் பேசுகிறவர்கள் இலையை உற்றுப் பார்த்துத் தாங்களாகவே ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வேம்பு இலையையும் இந்த இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும்.

கடல் தாண்டியும் கறி போனது. போர்ச்சுகீசியர் 'கரில்' என்று எழுதிக்கொண்டார்கள். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணியின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தபோது அந்தச் சொல்லும் அதில் வந்தது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் தம் சமையல் புத்தகத்தில் இந்திய முறையில் 'கர்ரி' செய்வது எப்படி என்று எழுதினார். அவர் சேர்க்கச் சொன்ன மசாலா மிளகும் கொத்தமல்லி விதையும். மிளகின் பெயரைத் தாங்கிய பண்டத்தில், அவரும் அறியாமல், மிளகே போய் உட்கார்ந்துகொண்டது.

இதில் ஒரு விசித்திரம். அதற்கு வெகுகாலம் முன்பே, 1390 வாக்கில், இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த நூலின் பெயரிலேயே 'கியூரி' என்ற சொல் இருக்கிறது. சமையல் என்று பொருள், பிரெஞ்சிலிருந்து வந்தது. நம் கறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குதிரையைத் தேய்த்து விடுவதற்கும் ஆங்கிலத்தில் 'கர்ரி' என்றே ஒரு சொல் உண்டு. அதுவும் பிரெஞ்சு வழி வந்த வேறொன்று. துருக்கியில் 'கரி' போல ஒலிப்பது மனைவியைக் குறிக்கும். ஜப்பானில் 'கரி' என்றால் வேட்டை, காட்டு வாத்தும் கரிதான். நம்மூரிலிருந்து புறப்பட்ட கறி அங்கே இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு 'கரே' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு 'எல்லாம் தமிழிலிருந்து போனது' என்று வாட்சப்பில் அனுப்புகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நம் கறிக்கு உண்மையாகவே இவ்வளவு நீண்ட பயணம் இருக்கும்போது, அடுத்தவர் வீட்டுச் சொல்லையெல்லாம் அதன் கணக்கில் எழுத வேண்டிய தேவை இல்லை.

அந்தப் புரட்டாசிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சொல் புதிதாகப் புழங்க ஆரம்பித்தது: 'சேச்சி கறி'. மோரில் வேகவைத்த எந்தக் காயானாலும் அதற்கு அதுதான் பெயர். பூசணியும் சேச்சி கறி, வெள்ளரியும் சேச்சி கறி. அம்மாவும் சொன்னாள், சித்தியும் சொன்னாள், கம்பத்தில் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டிலும் போய் ஒட்டிக்கொண்டது. வெளியாள் யாராவது புரட்டாசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, "கறி எடுத்துப் போடு தாயி" என்று அப்பத்தா சொல்வதைக் கேட்டுத் திகைத்திருக்கிறார்கள்.

கடைசி வருடம் அப்பத்தாவுக்குப் பல் எதுவும் இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் என் கையைப் பிடித்துச் சேச்சி கறி வேண்டும் என்றாள். வெள்ளரிக்காய் கிடைக்கவில்லை, சுரைக்காயில் வைத்தேன். மிளகாய் சேர்க்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் நாலு மிளகை நுணுக்கிப் போட்டேன். குழைந்த சோற்றில் ஊற்றப்போகும்போது, கரண்டியைச் சட்டிக்கு மேலே நிறுத்தி, "அப்பத்தா, கறி ஒழிக்கட்டே?" என்று கேட்டேன்.

"ஒழி, ஒழி" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.